பொரியல் ஏன் இலையிலேயே கிடக்கிறது?

கேள்வி: திண்டுக்கல் – பழனி சாலையில் அப்பா தொடங்கிய அசைவ மெஸ்ஸை மூன்று வருடமாக நான் நடத்துகிறேன். மதியம் 150 சாப்பாடு போகும். சுக்காவும் தலைக்கறியும் இரண்டு மணிக்கு முன்பே தீர்ந்துவிடும். ஆனால் பொரியலும் கூட்டும் பாதி இலைகளில் தொட்டும் தொடாமலும் திரும்பி வருகின்றன. புரட்டாசியிலும் தைப்பூச நேரத்திலும் சைவம் கேட்டு வருகிறவர்களுக்காக பனீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், காளான் மசாலா, மிக்ஸ்டு வெஜ் குருமா என்று 12 ஐட்டம் மெனுவில் சேர்த்தேன். கோபியைத் தவிர எதுவும் ஓடவில்லை. சாப்பிட வருகிறவர்கள் காய்கறியில் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்? இன்னும் எதைச் சேர்க்கலாம்? இல்லை, பொரியலையே நிறுத்திவிட்டு அப்பளத்தோடு முடித்துக்கொள்ளலாமா? மாஸ்டர் அதைத்தான் சொல்கிறார்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பொரியலை நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் இலையில் மிச்சமாகிறது என்பதற்காக மக்களுக்குக் காய் பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அதே ஆட்கள் வீட்டில் அவரைக்காயைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள்தான்.

உங்கள் கடிதத்தில் எத்தனை சாப்பாடு, எத்தனை ஐட்டம், எது ஓடுகிறது என்று எல்லாம் இருக்கிறது. ஒரு விவரம் மட்டும் இல்லை. பொரியல் எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்குகிறது? நான் 26 வருடம் உணவகச் சமையற்கூடங்களில் வேலை பார்த்தவன். இப்போது உங்களைப் போன்றவர்களின் கடைகளுக்குப் போய் ஆலோசனை சொல்கிறேன். போகிற இடத்திலெல்லாம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் பத்து அல்லது பத்தரை என்று பதில் வரும். காரணமும் நியாயமானதுதான். பதினொரு மணிக்கு மேல் அடுப்பு முழுவதும் குழம்புக்கும் சுக்காவுக்கும் வேண்டும். அதனால் பொரியலை முதலில் முடித்து ஹாட் பாக்ஸில் கொட்டி மூடிவிடுகிறார்கள். சாப்பிடுகிறவர் வருவது ஒன்றரைக்கு.

அந்த மூன்று மணி நேரத்தில் டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் நீங்களே பாருங்கள். ஒன்றே முக்காலுக்குப் போய் மூடியைத் திறங்கள். மூடியின் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளி நிற்கும். நீங்கள் தூக்கும்போதே அது காயின் மேல் சொட்டும். பீன்ஸ் பச்சையாக இருக்காது, பாசி பிடித்த மாதிரி ஒரு நிறத்துக்கு வந்திருக்கும். கேரட் துண்டை விரலால் அழுத்தினால் மசியும். தேங்காய்ப்பூ நனைந்து காயோடு ஒட்டிக்கிடக்கும். அடியில் ஒரு கரண்டி அளவுக்கு மஞ்சள் தண்ணீர் தேங்கியிருக்கும். முகர்ந்து பாருங்கள். தாளித்த வாசனை போயிருக்கும், தேங்காய் புளிக்க ஆரம்பிக்கும் வாடை லேசாக வரும். இதைத்தான் சப்ளையர் வாளியில் எடுத்துப்போய் இலையில் வைக்கிறார். பக்கத்தில் சுக்கா ஆவி பறக்க வருகிறது. கை எதன் பக்கம் போகும்?

பச்சைக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சூட்டோடு மூடி வைத்தால் அது வெந்துகொண்டே இருக்கும், தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். காயில் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு உண்டு. திறந்து சமைத்தால் அதில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும், மூடினால் உள்ளேயே தங்கும். சூடும் புளிப்பும் சேர்ந்தால் பச்சையம் நிறம் மாறிவிடும். சில கடைகளில் நிறம் நிற்கட்டும் என்று சோடா உப்பு போடுகிறார்கள். நிறம் நிற்கும், காய் கூழாகும், பி1 வைட்டமினும் போய்விடும். உங்கள் சமையற்கூடத்தில் அந்தப் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு சாப்பாட்டுக்கு 60 கிராம் பொரியல் என்றால் 150 பேருக்கு ஒன்பது கிலோ. ஒன்பது கிலோவையும் ஒரே பாத்திரத்தில் வதக்கினால் அடியில் குழையும், மேலே பச்சையாக நிற்கும். அதை மூன்று மூன்று கிலோவாகப் பிரியுங்கள். காலையில் காயை நறுக்கியதும் உப்புப் போட்ட கொதிநீரில் மூன்று நிமிடம் வேகவிட்டு, வடித்து, அகலமான தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் ஆறவிடுங்கள். மூடக்கூடாது. வேலையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்தது. பிறகு பன்னிரண்டே காலுக்கு ஒரு தரம், ஒரு மணிக்கு ஒரு தரம், ஒன்றே முக்காலுக்கு ஒரு தரம் என்று அகலமான இருப்புச்சட்டியில் கடுகும் உளுத்தம்பருப்பும் வரமிளகாயும் தாளித்து ஐந்து நிமிடம் பிரட்டினால் போதும். தேங்காயை இறக்கும்போது தூவுங்கள். இதற்குத் தேவை தனியாக ஓர் ஒற்றை அடுப்பும், அந்த நேரத்தில் கை காலியாக இருக்கும் ஓர் ஆளும். கடைசித் தரத்தை ஒன்றரைக்கு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கூட்டம் இல்லையென்றால் மூன்று கிலோவைத் தாளிக்காமல் ஒன்றரை கிலோவோடு நிறுத்தலாம். இப்போது குப்பைக்குப் போகும் பொரியலின் கணக்கைப் பார்த்தால் அந்த அடுப்பின் செலவு சில வாரங்களில் திரும்பிவிடும்.

எல்லாக் காய்க்கும் இந்தப் பாடு வேண்டாம். காத்திருக்கக்கூடிய காய்கள் உண்டு. கூட்டு, புளிக்குழம்பு, சேனை, உருளை, கொண்டைக்கடலை, பூசணிக்காய் எரிசேரி மாதிரியானவை இரண்டு மணி நேரம் நின்றாலும் கெடாது, சிலது ஊறி ருசி கூடும். பீன்ஸ், கோஸ், வெண்டை, கொத்தவரை, கீரைப் பொரியல் இவை நிற்காது. அதனால் கூட்டை முன்கூட்டியே செய்து வாளியில் வையுங்கள், பொரியலை மட்டும் மூன்று தடவையாகப் பிரித்துச் செய்யுங்கள். மாஸ்டர்கள் தலைகீழாகச் செய்வதை நான் நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன். கூட்டைக் கடைசியில் அவசரமாக இறக்கி, பருப்பும் காயும் சேராமல் பரிமாறுவார்கள். பொரியல் பத்து மணியிலிருந்து காத்துக்கிடக்கும்.

அப்புறம், சைவம் கேட்டு வருகிறவர்கள். அவர்கள் ஏன் உங்கள் 12 ஐட்டத்தைத் தொடவில்லை என்பதற்கு எனக்கு முதலில் தோன்றும் காரணம் ருசி சம்பந்தப்பட்டதே இல்லை. அவர்களுக்கு உங்கள் எண்ணெய்ச் சட்டி மேல் நம்பிக்கை இல்லை. சிக்கன் 65 பொரித்த எண்ணெயிலேயே கோபியும் விழுகிறதா, மட்டன் குழம்பில் போட்ட கரண்டிதான் சாம்பாருக்கும் வருகிறதா என்று மனதுக்குள் ஒரு கேள்வி இருக்கும். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். தயிர்சாதமும் ஊறுகாயும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். உங்கள் கடையில் தயிர்சாதம் எவ்வளவு போகிறது என்று கல்லாச் சீட்டைப் புரட்டிப் பாருங்கள். அதிகமாகப் போகிறதென்றால் நான் சொல்வது சரி.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது, ஆனால் முழுமையாகச் செய்ய வேண்டும். சைவத்துக்குத் தனி அடுப்பு, தனி எண்ணெய்ச் சட்டி, தனி வெட்டுக்கட்டை, பச்சை பெயின்ட் அடித்த கைப்பிடியுள்ள கரண்டிகள். சைவ வாளி எடுக்கும் சப்ளையர் அந்த வேளை முழுக்க அசைவ வாளியைத் தொடக்கூடாது. இதையெல்லாம் செய்துவிட்டுப் பிறகு, "சைவத்துக்கு அடுப்பு, எண்ணெய், கரண்டி எல்லாம் தனி" என்று மெனுவின் மேலே ஒரு வரி போடுங்கள். யாராவது சந்தேகப்பட்டால் சமையற்கூடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுங்கள். செய்யாமல் எழுதினால் அது துரோகம். விரதம் இருக்கிறவர் உங்களை நம்பி இலையில் உட்காருகிறார்.

உங்கள் சாலைக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். பழனிக்குப் போகிற பாதை அது. மலையேறப் போகும்போது கறி தொடாத குடும்பம், சாமி கும்பிட்டுத் திரும்பும்போது உங்கள் சுக்காவைத் தேடி வரும். போகும்போதே உங்கள் கடையில் நல்ல சைவச் சாப்பாடு சாப்பிட்டிருந்தால் வரும்போதும் வண்டி அங்கேதானே நிற்கும்?

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2014இல் நடுவண் அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்று வந்தது. அப்படியென்றால் உங்கள் கடையில் காய் கேட்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் பிறவிச் சைவர்கள் இல்லை. வெள்ளிக்கிழமைக்காரர், புரட்டாசிக்காரர், மாலை போட்டவர், மருத்துவர் சொல்லிக் கறியைக் குறைத்தவர், கறியோடு கொஞ்சம் காயும் வேண்டும் என்பவர். எல்லாருக்கும் கறியின் ருசி தெரியும். மசாலாவின் ருசி நாக்கில் பழகியிருக்கிறது. அவர்களுக்கு முந்திரி அரைத்த இனிப்புக் குழம்பில் பனீரைப் போட்டுக் கொடுத்தால் எப்படித் திருப்தி வரும்? அவர்கள் உங்கள் கடைக்கு வந்ததே உங்கள் மசாலாவுக்காக. அதே மேசையில் அண்ணன் சுக்கா சாப்பிடுகிறார். மிளகும் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கிய வாசனை மூக்கில் ஏறுகிறது. விரதத்தில் இருக்கும் தம்பிக்கு அந்த மசாலாவே காயில் வந்தால் போதும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். நான் வேலை பார்த்த ஒரு கடையில் சேனைக்கிழங்கு சுக்கா என்று ஒன்றை ஆரம்பித்தோம். சேனையை ஓர் அங்குலத் துண்டாக நறுக்கி, மஞ்சள்தூளும் கொஞ்சம் புளித்தண்ணீரும் விட்டு முக்கால் வேக்காடு வேகவைக்க வேண்டும். சேனை நாக்கை அரிப்பது அதில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால். புளி விட்டு வேகவைக்கும் பழக்கம் அதற்காகத்தான். அதோடு புளிப்பு இருந்தால் துண்டும் குழையாமல் விறைப்பாக நிற்கும். வடித்து ஆறவிட்டு, நல்லெண்ணெயில் தட்டிய சின்ன வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, அப்போது இடித்த மிளகும் சோம்பும் சேர்த்து, சேனையைப் போட்டுத் தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் கிண்டாமல் புரட்டிப் புரட்டி விட வேண்டும். துண்டின் ஓரம் மொறுமொறுவென்று கருக வேண்டும், உள்ளே வெண்ணெய் மாதிரி இருக்க வேண்டும். முதல் வாரம் ஏழெட்டுத் தட்டுதான் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் கொண்ட குடும்பம் வந்தது. பாட்டி மட்டும் சைவம். அவருக்கு ஒரு தட்டு போனது. பேரன் ஒரு துண்டு எடுத்தான், மருமகன் இரண்டு எடுத்தார், பாட்டிக்கு மிஞ்சவில்லை. அந்த மேசைக்கே இன்னும் மூன்று தட்டு போனது. அதில் ஏழு பேர் கறி சாப்பிடுகிறவர்கள்.

கறியோடு காய் சேர்வது நமக்குப் புதிதும் இல்லை. கருவாட்டுக் குழம்பில் முதலில் தீர்வது கத்தரிக்காய்த் துண்டு. மட்டன் குழம்பில் கிடக்கும் முருங்கைக்காய்க்கு வீட்டில் சண்டையே நடக்கும். நம் ஆட்கள் காயை விரும்புகிற விதம் அது. மசாலா உள்ளே இறங்கியிருக்க வேண்டும், அதே நேரம் இது இன்ன காய் என்று நாக்குக்குத் தெரிய வேண்டும். உங்கள் மிக்ஸ்டு வெஜ் குருமா அடிபடுவது இந்த இரண்டாவதில். ஐந்து காய் சின்னச் சின்னச் சதுரமாக ஒரே குழம்பில் கிடந்தால் எதற்கும் ருசி இல்லை. பசிக்குத் தொட்டுக்கொள்வார்கள், மறுபடியும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே மெனுவைச் சுருக்குங்கள். 12 வேண்டாம், நான்கு போதும். பனீர் ஒன்று இருக்கட்டும், குழந்தைகள் கேட்பார்கள். கோபி ஓடுகிறதென்றால் அதுவும் இருக்கட்டும், ஆனால் கலர்ப்பொடி கூடாது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதையே தடை செய்தது. காஷ்மீர் மிளகாய்த்தூள் கொடுக்கும் சிவப்பு போதும். சேனைச் சுக்கா மூன்றாவது. நான்காவது இடத்தைக் காலியாக விடுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கிலோ 40 ரூபாய்க்கு விற்கும் வெண்டைக்காயை ஒரு தட்டு 110க்கு விற்றால் முகம் சுளிப்பார்கள். வீட்டில் பத்து நிமிடத்தில் செய்துவிடலாமே என்று கணக்குப் போடுவார்கள். ஆனால் வாழைப்பூ கோலாவுக்கு அதே 110ஐ யோசிக்காமல் கொடுப்பார்கள். ஒவ்வொரு பூவாகக் கள்ளனையும் கண்ணாடி மாதிரி இருக்கும் செதிளையும் எடுத்து, கறுக்காமல் மோரில் போட்டு, கை கறையோடு அரை மணி நேரம் உட்கார வேண்டிய வேலை அது. வீட்டில் அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அம்மா இருந்தவரை சாப்பிட்டது என்று சொல்லிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே வந்து காய் சாப்பிடுகிறவர் காசு கொடுப்பது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைக்குத்தான். பருப்பு உசிலி, செட்டிநாட்டு வெண்டைக்காய் மண்டி, திருநெல்வேலிச் சொதி, பாகற்காய் பிட்லை என்று நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது. உங்கள் பக்கத்திலேயே தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பு இருக்கிறதே! அதை மதியச் சாப்பாட்டில் சைவக் குழம்பாக வாரம் இரண்டு நாள் வையுங்கள். கறிக்குழம்பு ஊற்றிக்கொள்கிறவர்கூட இரண்டாவது சோற்றுக்கு அதைக் கேட்பார்.

பெயருக்கு வருவோம். "வெஜ் கிரேவி", "காய்கறி மசாலா", "ஹெல்த்தி வெஜ்" இவை மூன்றும் வேண்டாம். இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உணவுக்கூடம் ஒன்றில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்து 2017இல் வெளியிட்டார்கள். ஒரே காய், ஒரே சமையல். பெயர்ப்பலகை மட்டும் நாளுக்கு நாள் மாறும். ஆசையைக் கிளப்பும் மாதிரி ருசியைச் சொல்லிப் பெயர் வைத்த நாளில், வெறும் காயின் பெயரை எழுதிய நாளைவிட 25 சதவீதம் அதிகம் பேர் எடுத்தார்கள். "கொழுப்பு குறைவு, சர்க்கரை இல்லை" என்கிற மாதிரி எழுதிய நாளோடு ஒப்பிட்டால் 41 சதவீதம் அதிகம். உடம்புக்கு நல்லது என்று சொன்னாலே ருசி இருக்காது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. நானும் ஒரு கடையில் "ஆரோக்கியக் காய்கறித் தட்டு" என்று பெருமையாக வைத்து, இரண்டு மாதம் எழுதியிருந்தும் விற்காமல் எடுத்திருக்கிறேன். அதில் இருந்த பூசணிக்காயையே பின்னால் "மிளகு தேங்காய் வறுத்தரைத்த பூசணி" என்று எழுதியபோது போனது.

ஆனால் அதே ஆராய்ச்சியாளர்கள் 2019இல் ஐந்து பல்கலைக்கழகங்களில் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. காய் நிஜமாகவே ருசியாகச் சமைக்கப்பட்ட இடங்களில்தான் பெயர் நன்றாக வேலை செய்தது. பத்து மணிப் பொரியலுக்கு அழகான பெயர் வைத்தால் ஒரு முறை வாங்குவார்கள், அவ்வளவுதான்.

எழுதும்போது காயின் பெயர், செய்த விதம், முடிந்தால் வந்த இடம், இந்த மூன்றும் போதும். "முள்ளுக்கத்தரி நல்லெண்ணெய்ப் பிரட்டல்" என்று படித்தவுடன் கண்ணுக்குத் தெரிகிறதல்லவா? இடத்தின் பெயர் பொய்யாக இருக்கக்கூடாது. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதை வாங்காமல் அந்தப் பெயரை எழுதாதீர்கள். உங்களுக்கு அந்தத் தேவையும் இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தை உங்கள் சாலையிலேயே இருக்கிறது. கேரளத்துக்கே அங்கிருந்துதான் லாரி லாரியாகக் காய் போகிறது. கொடைக்கானல் மலைக்காயும் கைக்கு எட்டும் தூரத்தில். அப்படியிருக்க, கடைக்காரர் வண்டியில் அனுப்பும் பீன்ஸ், கேரட், கோஸ் மூன்றையே ஏன் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள்? உங்கள் கடிதத்தில் நீங்கள் இதை எழுதவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். ஆனால் நான் பார்த்த பத்துக் கடையில் எட்டில் இப்படித்தான். நறுக்கச் சுலபம், விலை பெரிதாக ஏறாது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். யாரும் ஆசைப்படவும் மாட்டார்கள்.

அந்த நான்காவது இடம் இதற்குத்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். "இன்றைய காய்" என்று தலைப்பு. வாரம் மூன்று நாள் நீங்களே சந்தைக்குப் போய், அன்று எது பிஞ்சாக, மலிவாக, நிறைய வந்திருக்கிறதோ அதை வாங்குங்கள். பலகையில் அன்றன்றைக்கு எழுதுவதால் விலைக்கும் நீங்கள் கட்டுப்பட வேண்டாம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது அச்சடித்த மெனுவோடு எத்தனை பேர் திண்டாடினார்கள்! முருங்கை விலையும் சில குளிர்காலங்களில் அப்படித்தான் ஏறும். பலகைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. முருங்கை ஏறினால் பீர்க்கங்காய். அத்தோடு, வாடிக்கையாகச் சாப்பிடும் டிரைவர்களும் கம்பெனி ஆட்களும் உள்ளே நுழையும்போதே பலகையைப் பார்க்கப் பழகிவிடுவார்கள். ஒரே கடையில் தினமும் சாப்பிடுகிறவருக்குக் காய் மாறுவது பெரிய விஷயம். கறி வகை எப்போதும் அதேதானே இருக்கிறது.

வாங்கும்போது ஒன்று. பிஞ்சு கிடைக்காத நாளில் அந்தக் காயை விட்டுவிடுங்கள். முற்றிய வெண்டையையும் நார் ஏறிய கொத்தவரையையும் எந்த மாஸ்டராலும் காப்பாற்ற முடியாது. சாப்பிடுகிறவர் மென்று சக்கையை இலை ஓரத்தில் வைப்பார். அதைப் பார்க்கும் எதிர் இலைக்காரரும் தொட மாட்டார்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. காயில் எண்ணெய் மிதப்பது ருசி என்று சில மாஸ்டர்கள் நினைக்கிறார்கள். கத்தரிக்காய்க்கு எண்ணெய் வேண்டும், அது குடிக்கும். மற்றவற்றுக்குக் கடைசியில் ஒரு கரண்டி பச்சை நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டால் வாசனைக்குப் போதும்.

உங்கள் மாஸ்டரிடம் இதை எப்படிச் சொல்வது? அவர் பொரியலை நிறுத்தச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. தான் செய்தது தினமும் குப்பைக்குப் போவதைப் பார்க்கிற மனுஷன் அப்படித்தான் சொல்வார். அவரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு நாள் பொரியலை இரண்டாகப் பிரித்து, பாதியை வழக்கம்போலப் பத்து மணிக்கும், பாதியை ஒன்றரைக்கும் அவர் கையாலேயே தாளிக்கச் சொல்லுங்கள். ஒன்றே முக்காலுக்கு இரண்டையும் ஒரே இலையில் வைத்து அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டியிருக்காது.

அதற்கு முன் மூன்று நாள், இலை எடுக்கிற அம்மாவின் பக்கத்தில் ஒரு நோட்டோடு நில்லுங்கள். எந்தக் காய் திரும்பியது, எந்த நேரத்தில், தொட்டுவிட்டு வைத்ததா, தொடவே இல்லையா என்று குறியுங்கள். தொடாமல் வந்தால் பார்வைக்கே பிடிக்கவில்லை, நிறமும் சூடும் போயிருக்கும். ஒரு வாய் தின்றுவிட்டு விட்டிருந்தால் உப்போ வேக்காடோ தப்பு. பன்னிரண்டரை இலைகள் காலியாகவும் இரண்டு மணி இலைகள் நிறைந்தும் வந்தால், காத்திருப்புதான் காரணம். அந்த அம்மாவிடமும் கேளுங்கள். எந்தக் காய்க்கு இலை காலியாகும் என்று உங்களைவிட, என்னைவிட அவருக்குத் தெரியும்.

முதல் நாள் பலகையில் அவரைக்காய் எழுதுங்கள். பிஞ்சாகப் பார்த்து நாலு கிலோ போதும். இரண்டு பக்க நாரையும் எடுத்து, பொடியாக நறுக்கி, ஆள் கேட்கக் கேட்கத் தாளித்துக் கொடுத்து, மேலே வறுத்து ஒன்றிரண்டாக இடித்த நிலக்கடலைப் பொடி தூவுங்கள். நார் எடுக்க மட்டும் காலையில் ஓர் ஆள் கூடுதலாக வேண்டியிருக்கும். அதை முந்தின நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.